லிட்டில் பிக்ஹார்ன்: கஸ்டரின் தோல்வியைப் பற்றித் தோட்டா உறைகள் சொன்னது

கேள்வி: 1876இல் லிட்டில் பிக்ஹார்னில் கஸ்டரின் குதிரைப்படை அழிந்த விதம் பற்றி நமக்குத் தெரிந்ததைத் தொல்லியல் ஆய்வு உண்மையிலேயே மாற்றியிருக்கிறதா? மாற்றியது என்றால், எதை?

மாற்றியிருக்கிறது. ஆனால் தொல்லியல் இங்கே செய்த பெரிய வேலை, ஏற்கெனவே சொல்லப்பட்டும் யாரும் காதில் போட்டுக்கொள்ளாத ஒரு வாக்குமூலத்துக்கு ஆதாரம் சேர்த்ததுதான். போரில் வென்ற அமெரிக்கப் பூர்வகுடிகளான லக்கோட்டா, ஷையன் மக்கள் நூறு வருடமாக ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதை நம்புவதற்கு மற்றவர்களுக்கு மண்ணுக்குள்ளிருந்து செம்பும் ஈயமும் கிளம்பி வரவேண்டியிருந்தது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1876 ஜூன் 25. இன்றைய மொன்டானா மாநிலத்தில், லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லக்கோட்டா, ஷையன், அரபாஹோ மக்களின் மிகப் பெரிய முகாம் இருந்தது. பூர்வகுடிகளுக்கென்று அரசு ஒதுக்கிய ரிசர்வேஷனுக்குள் போய் அடங்க மறுத்தவர்களைப் பிடிக்க அமெரிக்க ராணுவத்தின் 7ஆவது குதிரைப்படை வந்தது. லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் கஸ்டர் தன்னிடமிருந்த 12 கம்பெனிகளை, அதாவது படைப்பிரிவுகளை, பிரித்தார். மேஜர் ரீனோவுக்கு 3, கேப்டன் பென்டீனுக்கு 3, சுமை தூக்கும் கோவேறு கழுதைகளுக்குக் காவலாக 1, தனக்கு 5. ரீனோவும் பென்டீனும் ஒரு மேட்டில் முற்றுகைக்குள் சிக்கி மறுநாள் வரை தாக்குப்பிடித்தார்கள். கஸ்டரோடு நின்று சண்டையிட்ட சுமார் 210 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

திரும்பி வந்து சொல்ல ஆள் இல்லாததால் கற்பனை புகுந்துகொண்டது. குன்றின் உச்சி, சுற்றிலும் செத்த குதிரைகள், நடுவில் கஸ்டர், கடைசித் தோட்டா வரை அசையாமல் நிற்கும் வீரர்கள். 1896இல் ஒரு பீர் நிறுவனம் இந்தக் காட்சியை வண்ணப்படமாக அச்சடித்து நாடெங்கும் மதுக்கடைகளுக்குக் கொடுத்தது. பல தலைமுறைகளுக்கு இந்தப் போர் என்றால் அந்தப் படம்தான்.

எதிர்ப்பக்கத்தில் சாட்சிகளுக்குப் பஞ்சமே இல்லை. போரில் இருந்த பலர் பிற்காலத்தில் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். வுடன் லெக் என்ற ஷையன் வீரர், நேருக்கு நேர் பாய்ந்து மோதியதைவிடப் பள்ளங்களில் ஊர்ந்து, மறைந்து, தூரத்திலிருந்து சுட்டதே அதிக நேரம் நடந்தது என்றார். சிப்பாய்கள் ஒரு கட்டத்தில் நிலைகுலைந்து போனார்கள் என்று பலர் சொன்னார்கள். எருமை வேட்டை மாதிரி இருந்தது என்றவர்களும் உண்டு. ஆனால் இவர்கள் சொல்வது ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். அந்த வீரர்களின் மரபில், ஒருவர் தான் கண்டதையும் தான் செய்ததையும் மட்டுமே சொல்வார். ஒட்டுமொத்தப் போரை விவரிக்க முற்படமாட்டார். மொழிபெயர்ப்பாளரும் சரியாக அமையாவிட்டால், ஒருவர் எந்த மேட்டைப் பற்றிப் பேசுகிறார் என்பதே தெரியாது. இடம் தெரியாத சாட்சியம் முரணாகத்தான் தோன்றும்.

அந்த இடங்களைத்தான் தொல்லியல் கொடுத்தது.

1983 ஆகஸ்டில் போர்க்களத்தில் தீப்பிடித்தது. அடர்ந்து கிடந்த புல்லும் புதரும் கருகி, ஏறக்குறைய 600 ஏக்கர் மொட்டையானது. ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்ற தொல்லியலாளர் அந்தச் சாம்பல் தரையில் நடந்து பார்த்து, முறையாக ஆய்வு செய்தால் பலன் இருக்கும் என்றார். 1984, 1985 கோடைகளில் டக்ளஸ் ஸ்காட் தலைமையில் தேசியப் பூங்காத் துறையின் ஆய்வு நடந்தது. தன்னார்வலர்கள் சில மீட்டர் இடைவெளியில் வரிசையாக நின்று மெட்டல் டிடெக்டரோடு நடந்தார்கள். அதுவரை அந்தக் கருவியைப் புதையல் தேடுகிறவர்களின் சாமானாகவே பல தொல்லியலாளர்கள் பார்த்தார்கள்.

அவர்கள் வேலை செய்த முறையைப் பாருங்கள். கருவி ஒலித்த இடத்தில் கொடி நடுவார்கள். அடுத்த குழு வந்து மண்ணை மெல்ல விலக்கும், ஆனால் பொருளைத் தொடாது. இடத்தை அளந்து வரைபடத்தில் குறித்து, துப்பாக்கிக் குண்டு என்றால் அது எந்தத் திசை நோக்கி, எவ்வளவு சாய்வாகக் கிடக்கிறது என்று எழுதிய பிறகுதான் பைக்குள் போகும். எடுத்த மாத்திரத்தில் பாதிச் செய்தி அழிந்துவிடும் என்பதால் இவ்வளவு பொறுமை.

அப்புறம் தடயவியல். துப்பாக்கியின் ஊசி தோட்டாவின் அடியில் பதிக்கும் தழும்பு, கைரேகை போல, துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறுபடும். சிப்பாய்கள் ஏறக்குறைய எல்லோரிடமும் இருந்தது ஒரே மாதிரி, 1873 மாடல் ஸ்பிரிங்ஃபீல்ட் கார்பைன் என்ற குட்டையான துப்பாக்கி. ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டாவைப் போட்டுச் சுடவேண்டிய ரகம். சுட்டபின் மிஞ்சும் தோட்டா உறைகளை மட்டும் வைத்து முன்பு இவற்றைப் பிரித்தறிய வழியில்லை. நுண்ணோக்கியில் தழும்புகளை ஒப்பிட்டதும் தனித்தனித் துப்பாக்கிகள் தெரிந்தன. ஒரே துப்பாக்கியின் உறைகள் இரண்டு இடங்களில் கிடைத்தால், அதை வைத்திருந்தவர் நகர்ந்த பாதை தெரியும். பேர் தெரியாத ஒரு மனிதன் ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேட்டுக்குப் போனதை நூறு வருடம் கழித்துப் பின்தொடர முடிந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

இதன் பலனைக் கால்ஹூன் குன்றில் தெளிவாகக் காணலாம். கஸ்டரின் களத்தின் தென்கோடி அது. அங்கே ஸ்பிரிங்ஃபீல்ட் உறைகள் ஓரளவு ஒழுங்கான வரிசையில் கிடந்தன. குதிரைப்படை விதிப்படி, நாலில் ஒருவர் குதிரைகளைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் சில கஜ இடைவெளியில் பரவி நின்று சுடவேண்டும். அப்படித்தான் நின்றிருக்கிறார்கள். ஆக, முதலில் பயிற்சி வேலை செய்தது. அப்புறம் வேறு பக்கம் திரும்பிச் சுட்ட தடயம். அதற்கும் அப்புறம் இடைவெளி சுருங்கி, ஆட்கள் ஒருவரோடு ஒருவர் ஒண்டிக்கொண்ட தடயம். பயந்த மனிதர்கள் பக்கத்தில் இருப்பவரை நோக்கித்தான் நகர்வார்கள்.

எதிரே, தென்கிழக்கில் ஒரு சிறு மேட்டில் ஹென்றி ரகத் துப்பாக்கியின் உறைகள் கொத்தாகக் கிடைத்தன. அந்த இடத்துக்கே ஆய்வாளர்கள் ஹென்றிவில் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஹென்றியும் வின்செஸ்டரும் தோட்டாக்களை நிரப்பிவிட்டால் தொடர்ந்து சுடலாம். தூரத்தில் கார்பைனுக்கு ஈடாகாது. கிட்டே போய்விட்டால் கார்பைன் இதற்கு ஈடாகாது. லக்கோட்டா, ஷையன் வீரர்கள் ஏன் ஊர்ந்து நெருங்கினார்கள் என்பதற்கு இதுவே போதும். அவர்கள் கையில் 40க்கும் மேற்பட்ட வகைத் துப்பாக்கிகள் இருந்ததும் உறுதியானது. வில் அம்பும் பழைய துப்பாக்கிகளும்தான் வைத்திருந்தார்கள் என்ற எண்ணம் அதோடு போயிற்று.

அடுத்து நடந்ததை ஃபாக்ஸ் இப்படி வாசிக்கிறார். லேம் ஒயிட் மேன் என்ற ஷையன் தலைவரின் பாய்ச்சலில் ஒரு கம்பெனி சிதறியது. கால்ஹூன் குன்று விழுந்தது. தப்பியவர்கள் வடக்கே கேப்டன் கீயோவின் கம்பெனி இருந்த பக்கம் ஓடினார்கள். அங்கே ராணுவ உறைகள் மிகக் குறைவு. நின்று நிதானமாகச் சுட்டிருந்தால் அப்படி இருக்காது. கஸ்டர் விழுந்த கடைசி மேட்டுக்கு எட்டியவர்கள் எஞ்சிய சிலரே. அங்கே கஸ்டரோடு சுமார் 40 பேரின் உடல்களும் ஏறக்குறைய அதே அளவு குதிரைகளும் கிடந்தன.

தோல்விக்குச் சொல்லப்பட்ட சாக்கு ஒன்றும் இதில் அடிபட்டது. கார்பைனின் செம்பு உறைகள் சூட்டில் சிக்கிக்கொண்டதால்தான் தோற்றார்கள் என்பார்கள். சிக்கிய உறையைக் கத்தியால் நெம்பினால் விளிம்பில் கீறல் விழும். கிடைத்த உறைகளில் அப்படிப்பட்டவை நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. சிக்கியது உண்மை, தோல்விக்குக் காரணம் அதுவல்ல.

எலும்புகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். சிப்பாய்கள் விழுந்த இடம் என்று 1890இல் வெள்ளைப் பளிங்குக் கற்கள் நட்டார்கள். செத்தவர்கள் சுமார் 210, அந்தக் களத்தில் கற்களோ 250க்கு மேல். ஜோடியாக நிற்கும் கற்களின் அடியில் தோண்டியபோது பெரும்பாலும் ஒருவரின் எச்சம்தான் இருந்தது. அப்படி ஓர் இடத்தில் கிடைத்த முக எலும்பை ஒரு புகைப்படத்தின் மேல் பொருத்திப் பார்த்து, அது மிட்ச் போயர் என்று அடையாளம் கண்டார்கள். பிரெஞ்சுத் தந்தைக்கும் சூ இனத் தாய்க்கும் பிறந்த வழிகாட்டி. முகாம் மிகப் பெரியது என்று கஸ்டரை எச்சரித்தவர்களில் ஒருவர். எப்போதும் புகைக்குழாயைக் கவ்வியதால் பற்களில் ஒரு வளைவு தேய்ந்திருந்தது.

சரி, எல்லாம் தீர்ந்துவிட்டதா? இல்லை. டீப் ரவீன் என்ற பள்ளத்தில் சுமார் 28 சிப்பாய்களின் உடல்களைப் பார்த்ததாக, புதைக்க வந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அங்கே தோண்டியும் எதுவும் கிடைக்கவில்லை. வண்டல் ஆழமாக மூடியிருக்கலாம். கடைசி மேட்டில் தடயம் குறைவாக இருப்பதை வைத்து அங்கே சண்டையே குறைவு என்று சொல்வதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. பின்னாளில் பார்க்க வந்த எல்லோரும் முதலில் போய் நின்ற இடம் அது. நூறு வருடமாக நினைவுப் பொருளாகப் பொறுக்கிப் போயிருப்பார்கள். ஆகவே ஒரு கடைசி எதிர்ப்பே இல்லை என்ற அளவுக்கு நான் போகமாட்டேன். எஞ்சிய சிலர் குதிரைகளைச் சுட்டு அரணாக்கிப் போராடினார்கள் என்பது நம்பக் கூடியதே. ஆனால் போரின் முடிவு அதற்கு முன்பே, தெற்கில் எழுதப்பட்டுவிட்டது.

இதை நீங்களே சரிபார்க்க விரும்பினால், முதலில் தொல்லியல் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஷையன், லக்கோட்டா வீரர்களின் கூற்றுகளைப் படியுங்கள். ஒவ்வொருவரும் எங்கே நின்று பேசுகிறார் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். முரண்கள் என்று சொல்லப்பட்டவற்றில் பல, ஒரே போரின் வேறு வேறு மேடுகள்தான்.