ஹெபடைடிஸ் பி இருந்தால் டாக்டராக முடியாதா?

கேள்வி: மகளுக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்திருக்கிறது. உடல் தகுதிப் பரிசோதனையில் 'ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ்' என்று வந்துவிட்டது. அவளுக்கு சர்ஜன் ஆகணும் என்று ஆசை. "வேறு படிப்பில் சேர்த்துவிடு" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். கீழாநெல்லி கொடுத்தால் சரியாகிவிடுமா?
- ஒரு தாய், திருச்சி

பதில்: சீட்டை விட்டுவிடாதீர்கள். கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைடிஸ் பி இருப்பது மட்டுமே மருத்துவம் படிக்கவோ, அறுவை சிகிச்சை செய்யவோ தடையாகக் கூடாது என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2012-லேயே சொல்லிவிட்டது.

இந்த ரிப்போர்ட் வைரஸ் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. எவ்வளவு இருக்கிறது என்பதுதான் தொழிலுக்கு முக்கியம். அதற்கு 'ஹெச்.பி.வி. டி.என்.ஏ.' பரிசோதனை வேண்டும். கூடவே ஹெச்.பி.இ. ஆன்டிஜன் (வைரஸ் வேகமாகப் பெருகுகிறதா என்று காட்டுவது), கல்லீரல் என்சைம்கள், வயிற்று ஸ்கேன், முடிந்தால் ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரல் இறுகியிருக்கிறதா என்று பார்ப்பது). ஆறு மாதம் கழித்தும் பாசிட்டிவாக இருந்தால்தான் நாள்பட்ட தொற்று என்பார்கள். பிரசவத்தின்போது தாயிடமிருந்து வருவது இங்கே சகஜம். ஆகவே நீங்களும், மற்ற பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இதில் யார் மீதும் குற்றமில்லை.

டி.என்.ஏ. ரிப்போர்ட்டில் யூனிட்டைப் பாருங்கள். சில லேப்கள் ஐ.யூ. (சர்வதேச யூனிட்) கணக்கிலும், சில காப்பி (வைரஸ் டி.என்.ஏ.வின் நகல்) கணக்கிலும் தருகின்றன. ஒரு ஐ.யூ. என்பது ஏறக்குறைய 5 காப்பிகள். இதைக் கவனிக்காமல் இரண்டு ரிப்போர்ட்டுகளை ஒப்பிட்டு, "அஞ்சு மடங்கு ஏறிடுச்சு" என்று பயப்படுபவர்கள் உண்டு.

ஆபத்து எங்கே? ஊசி போடுவது, ரத்தம் எடுப்பது, மேலோட்டமான தையல், எண்டோஸ்கோப்பி ஆகியவற்றில் டாக்டரிடமிருந்து நோயாளிக்குத் தொற்றும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. சிசேரியன், கருப்பை நீக்கம், இதய, எலும்பு அறுவை சிகிச்சைகள் அப்படியல்ல. கண்ணுக்குத் தெரியாத குறுகிய இடத்தில் விரலும் ஊசிமுனையும் ஒன்றாக இருக்கும். விரலில் குத்தினால் டாக்டரின் ரத்தம் நோயாளியின் காயத்தில் கலக்கும். இவற்றைச் செய்ய வைரஸ் அளவு மில்லிக்கு 1,000 ஐ.யூ.வுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வரம்பு. பிரிட்டனில் இன்னும் கறார்: 200. தினமும் ஒரு டெனோஃபோவிர் 300 மி.கி. மாத்திரை (வைரஸை அடக்கும் மருந்து) பெரும்பாலானவர்களுக்கு இந்த அளவைக் கொண்டுவந்துவிடும். சர்ஜரி கனவும் சாத்தியம்தான்.

மாத்திரை உடனே தேவையா என்பதைக் கல்லீரல் நிபுணர் சொல்வார். எல்லாருக்கும் வேண்டியதில்லை. ஆரம்பித்தால் இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது. வைரஸ் திடீரென்று பெருகி, கல்லீரலே செயலிழக்கலாம். ஹாஸ்டலில் ஸ்டாக் தீர்ந்து, பரீட்சைப் பரபரப்பில் விட்டுவிடுவதுதான் பெரிய சிக்கல். ஒரு மாத மாத்திரை எப்போதும் கைவசம் இருக்கட்டும். தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் (2018) அரசு சிகிச்சை மையங்களில் இலவசம். மாத்திரை சாப்பிடும்போது சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று அறிய, ரத்தத்தில் கிரியேட்டினின் அளவையும் அவ்வப்போது பாருங்கள்.

முதலாம் ஆண்டு ஃபிசியாலஜி லேபில் தன் விரலிலேயே குத்தி ஹீமோகுளோபின் பார்ப்பார்கள். குத்தும் ஊசியான லான்செட்டை யாருக்கும் கடன் தரக் கூடாது. பயன்படுத்தியதும் கூர்மையான கழிவுகளுக்கான வெள்ளை நிற ஷார்ப்ஸ் டப்பாவில் போட வேண்டும். மேஜையில் ரத்தம் சிந்தினால் கையுறை போட்டுத் துடைத்து, ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினிக் கரைசல் ஊற்ற வேண்டும். காய்ந்த ரத்தத்தில்கூட இந்த வைரஸ் ஒரு வாரம் உயிர்ப்போடு இருக்கும்.

கீழாநெல்லிக்கு வருகிறேன். அதே இனச் செடி வைரஸை அகற்றுகிறது என்று சென்னைப் பல்கலைக்கழக ஆய்வு 1988-ல் 'தி லான்செட்' என்ற மருத்துவ இதழில் வந்தது. பிறகு நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதை நம்பி மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ரூம்மேட்டிடம் சொல்ல வேண்டுமா? தட்டு, டம்ளர் தனியா?

பதில்: தட்டு, டம்ளர், கழிப்பறை எதுவும் தனியாக வேண்டாம். ரேஸர், பல்துலக்கி, நகவெட்டி மட்டும் தனி. சொல்வதும் சொல்லாததும் அவள் விருப்பம். எப்படியும் மருத்துவ மாணவர்கள் எல்லாரும் 0, 1, 6 மாதங்களில் தடுப்பூசி போட்டு, கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு மில்லிக்கு 10 மில்லி ஐ.யூ.வைத் தாண்டியதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள்தான்.