நிலத்தை விற்க வேண்டாம், மகளைக் கேளுங்கள்

உங்கள் மகளுக்கு இரண்டு முறை நீட் எழுதியும் மருத்துவ இடம் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மேனேஜ்மென்ட் சீட்டுக்கு நிலத்தை விற்றுவிடச் சொல்கிறார் மைத்துனர். மகளோ செல் பிரிவு பாடத்தைத் தவிர வேறு எதையும் பேசுவதில்லை. ஐயா, கவலை நியாயமானதுதான். ஆனால் நிலத்தில் கை வைக்காதீர்கள். அதற்குமேல் கடன் வாங்க நேர்ந்தால், அதில் ஒரு ரூபாய்கூட மைத்துனர் கட்டப்போவதில்லை.

புற்றுநோயைப் பற்றி ஆராய எம்.பி.பி.எஸ். கட்டாயமில்லை. பி.எஸ்சி. விலங்கியலோ பயோடெக்னாலஜியோ அரசுக் கல்லூரியிலேயே படிக்கலாம். இரண்டாம் ஆண்டிலேயே எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வுகளான காட்-பி, ஜாம் இரண்டுக்கும் தயாராக வேண்டும். ஜாம் பயோடெக்னாலஜி தாளில் கணிதமும் இயற்பியலும் வரும். பிளஸ் டூவில் கணக்கு எடுக்காதவர்கள் சறுக்குவது அங்கேதான். எம்.எஸ்சி. முடித்து ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். அது சில மாதம் தாமதமாகவும் வரும், பிஎச்.டி.க்கு ஐந்தாறு ஆண்டும் ஆகும். டாக்டர் சம்பளத்தோடு ஒப்பிட வேண்டாம்.

ஆராய்ச்சியில் வேலை என்ன என்கிறீர்களா? செல் பிரிவதை எது தொடங்குகிறது, எது நிறுத்துகிறது என்று பார்ப்பதுதான். ஆர்பி என்ற தடுப்புப் புரதம், செல் பிரிவுக்கு முந்தைய வளர்ச்சிக் கட்டமான ஜி1-இல், பிரிவுக்கான மரபணுக்களை இயக்கும் ஈ2எஃப் புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும். சைக்ளின் டி புரதமும் சிடிகே4/6 நொதிகளும் சேர்ந்து அதில் பாஸ்பேட் ஏற்றத் தொடங்கினால் பிடி தளரும், செல் டிஎன்ஏவை நகலெடுக்கும் எஸ் கட்டத்துக்கு நகரும். பி53 என்ற காவல் புரதம் வேறு ரகம். செல் அதை உண்டாக்கிக்கொண்டே இருக்கும், எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் அதை அழித்துக்கொண்டே இருக்கும். டிஎன்ஏ உடைந்தால் பி53 அழியாமல் குவிந்து, பி21 என்ற புரதத்தை ஏவிப் பிரிவை நிறுத்தும்.

இதைக் கண்ணால் பார்க்க, டிஎன்ஏ நகலெடுப்பை நிறுத்திவைக்கும் தைமிடினைச் செல்களுக்கு 2 மில்லிமோலார் அளவில் 18 மணி நேரம், கழுவி 9 மணி நேர இடைவெளி, மறுபடியும் தைமிடின். செல்கள் எஸ் கட்டத்தின் வாசலில் வரிசையாக நிற்கும். கழுவிவிட்டதும் இரவு பகல் பாராமல் 2 மணிக்கொரு முறை மாதிரி எடுக்க வேண்டும். பாஸ்பேட்டைக் கழற்றும் பாஸ்பட்டேஸ் நொதிக்கான தடுப்பானைச் சேர்க்க மறந்தால், ஆர்பி-யில் ஏறிய பாஸ்பேட் செல்லை உடைத்த கரைசலிலேயே கழன்றுவிடும், புரதச் சோதனையில் அதற்கான பட்டை தெரியாது. பி53-ஐத் தேட, ஆய்வகங்களில் வளர்க்கும் ஹீலா என்ற கருப்பைவாய்ப் புற்றுச் செல்லை எடுப்பது புதியவர்கள் செய்யும் தவறு. அதில் இருக்கும் எச்பிவி வைரஸின் ஈ6 புரதம் பி53-ஐத் தின்றுவிடும். எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுச் செல்லை எடுக்கலாம்.

இந்தப் பத்திகளை மகளிடம் கொடுங்கள். ஈ6 ஏன் பி53-ஐக் குறிவைக்கிறது என்று அவளாகவே தேடிப் படித்தால் பி.எஸ்சி. விண்ணப்பத்தை நிரப்புங்கள். இரண்டு வரியில் மூடிவைத்தால் என்னிடம் மறுபடி பேசுங்கள். அப்போதும் நிலத்தை விற்கச் சொல்ல மாட்டேன்.