மன்றோவின் குடும்பம் – கடிதம்

வணக்கம் ஐயா,

சென்னைத் தீவுத்திடல் வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் மன்றோ சிலையைப் பார்க்கிறேன். சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரை என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்வதில்லை. குடியானவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்தவர் என்று பள்ளியில் படித்ததோடு சரி. அவருக்குக் குடும்பம் இருந்ததா?

செல்வி

அன்புள்ள செல்வி,

இருந்தது. மிகத் தாமதமாக வாய்த்தது, சீக்கிரமே பிரிந்தும் போனது.

கிளாஸ்கோவில் 1761ல் பிறந்த தாமஸ் மன்றோ கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து 1780ல் மதராஸ் வந்தார். பாரமகாலில், அதாவது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், ஏழு வருடம் வரிவேலை. பிறகு கன்னடக் கரை. 1800 முதல் 1807 வரை கடப்பை, பெல்லாரி சீமைகள். ஊர் ஊராகக் கூடாரம் போட்டு, குடியானவர்களை நேரில் கூப்பிட்டு நிலத்துக்கு வரி பேசிய காலம் இது. வீட்டு உறவென்றால் ஸ்காட்லாந்திலிருந்த தங்கை எர்ஸ்கினுக்கு எழுதிய கடிதங்கள்தான். 27 வருடம் கழித்தே ஊர் திரும்பினார். அதற்குள் காது மந்தமாகியிருந்தது.

அவரை நான் புனிதராக்கவில்லை. கம்பெனிக்கு வரி வாங்கித் தந்தவர்தான், அந்த வரியும் கடுமையானது. ஆனால் அது அதிகம் என்பதை அவரே உணர்ந்தார். கால் பங்கு குறைக்கும்படி 1807ல் எழுதினார். மேலிடம் ஏற்கவில்லை. 1820ல் அவரே மதராஸ் ஆளுநராக வந்த பிறகுதான் அது நடந்தது.

1814ல், 52 வயதில், ஜேன் கேம்ப்பெல்லை மணந்தார். அதே வருடம் இருவரும் மதராஸுக்குக் கப்பலேறினார்கள். இரண்டு ஆண் பிள்ளைகள். 1826ல் இளையவனுக்கு உடம்பு சரியில்லாமல் போக, ஜேன் அவனைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்து புறப்பட்டார். அதன்பின் மன்றோ மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கிண்டித் தோட்டத்தில் மகன் ஓடித் திரிந்த பாதையில் தனியாக நடந்ததை எழுதுகிறார். பெரிய மாகாணத்தின் ஆளுநர் அங்கே இல்லை, பிள்ளையைத் தேடும் வயதான தகப்பன் மட்டுமே.

ஊருக்குப் போக அனுமதி கேட்டிருந்தார். பர்மா போரால் அது தள்ளிப்போனது. விடைபெறுமுன் தான் முன்பு வேலைபார்த்த கடப்பை, பெல்லாரிச் சீமையை ஒருமுறை பார்த்துவிடலாமென்று கிளம்பியவரை, இன்றைய ஆந்திரத்திலுள்ள பத்திக்கொண்டாவில் வாந்திபேதி பிடித்தது. 1827 ஜூலை 6 அன்று இறந்தார். பக்கத்தில் மனைவியும் இல்லை, பிள்ளைகளும் இல்லை.

குத்தி என்ற ஊரில் புதைத்த உடலை 1831ல் சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்தமுறை சிலையைக் கடக்கும்போது இறங்கிப் பாருங்கள், நடக்கும் தூரம்தான்.