பிரெத் ஆஃப் த வைல்டில் பாட்டே இல்லை என்றவருக்கு

நண்பரே, செல்டா வீடியோ கேம் தொடரில் பழைய ஒகரினா ஆஃப் டைமை முடித்த கையோடு பிரெத் ஆஃப் த வைல்டுக்கு வந்ததால் பாட்டே இல்லாமல் வெறிச்சென்று இருக்கிறது, ஒலியை அணைத்துவிட்டுப் பழைய செல்டா பாட்டுகளை ஓடவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தப் பழைய மெட்டுகள் இதற்குள்ளேயேதான் இருக்கின்றன, ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

டெம்பிள் ஆஃப் டைம் என்ற கோயில் இடிபாட்டுக்குள் போய் எதையும் செய்யாமல் கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள். பியானோ ஒரு சுரம் தட்டும், இழுக்கும், அடுத்ததற்குக் காக்க வைக்கும். அந்தப் பழைய கேமில் நீங்கள் ஒகரினா என்ற ஊதுகருவியில் வாசித்த அதே சாங் ஆஃப் டைம்தான், ஆனால் அவ்வளவு மெதுவாக வருவதால் முதலில் பிடிபடாது. அப்புறம் இரவில் குதிரையேறி நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே போங்கள், பொறுமை இருந்தால் தொடரின் முதன்மை மெட்டே மெல்ல மேலே வரும். நடுவில் இறங்கினால் போச்சு.

ரீட்டோ கிராமத்துக்குப் போய்விட்டீர்களா? அங்கே கேட்பது 2002-இல் வந்த விண்ட் வேக்கர் என்ற செல்டா கேமின் டிராகன் ரூஸ்ட் தீவு மெட்டு, வேகம் குறைத்து. என்னைக் கேட்டால் மொத்தத் தொடரிலும் அதுதான் முதல் இடம், இதில் யாரோடும் சண்டைக்குத் தயார். டாரி டவுன் கட்டும் வேலையையும் விட்டுவிடாதீர்கள், கேமில் வரும் ஒவ்வொரு இனத்தவரும் குடியேற அந்த ஊரின் பாட்டில் அவர்கள் சாயலும் சேர்ந்துகொள்ளும்.

ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், டிவி ஸ்பீக்கரில் பாதி காணாமல் போகும்.