டிராப் செக்கர் பச்சையாக இருந்தால் போதுமா?

கேள்வி: செடிகள் வைத்த மீன்தொட்டிக்குச் சிலிண்டரிலிருந்து கரியமில வாயு விடுகிறேன். டிராப் செக்கரில் (வாயு போதுமா என்று நிறத்தால் காட்டும் சிறு குமிழ்; பச்சை என்றால் போதுமான அளவு, மஞ்சள் என்றால் அதிகம்) தொட்டித் தண்ணீரையே ஊற்றிச் சாயம் விட்டிருக்கிறேன். நாள் முழுக்கப் பச்சை. செடிகளோ வளரவே இல்லை. ஏன்?

பதில்: ஊற்றிய தண்ணீர்தான் கோளாறு. அந்தச் சாயம் புரோமோதைமால் புளூ. வாயுவைப் பார்த்து அது நேரடியாக நிறம் மாறுவதில்லை, பி.எச்., அதாவது தண்ணீரின் அமில அளவு, மாறினால்தான் மாறும். பி.எச். 6.6 வாக்கில் பச்சை. அந்தப் பச்சைக்கு எவ்வளவு வாயு என்பது கரைசலின் கே.எச்., அதாவது கார்பனேட் கடினத்தைப் பொறுத்தது. கே.எச். 4 என்றால் லிட்டருக்கு 30 மி.கி.; கே.எச். 1 என்றால் வெறும் 7.5 மி.கி.யிலேயே அதே பச்சை வந்துவிடும். தொட்டியில் மரக்கட்டை இருந்தால் அதிலிருந்து இறங்கும் அமிலமும் பி.எச்.சைக் குறைத்துப் பொய் நிறம் காட்டும்.

கே.எச். 4 கரைசலை வீட்டிலேயே செய்யலாம். ஆப்பசோடா 1.2 கிராம் நிறுத்து, டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி 1 லிட்டராக்குங்கள், இது கே.எச். 40. இதில் 100 மி.லி. எடுத்து மறுபடி 1 லிட்டராக்கினால் கே.எச். 4. நேரடியாக 0.12 கிராம் நிறுப்பதைவிட இப்படிச் செய்தால் பிழை குறையும். 0.01 கிராம் காட்டும் தராசு அவசியம். பேக்கிங் பவுடர் கூடவே கூடாது, அதில் அமில உப்பும் உண்டு.

குமிழில் பாதியளவு கரைசல், 3 சொட்டுச் சாயம். வாய் கீழ்நோக்கி இருக்க, கரைசலுக்கும் தொட்டித் தண்ணீருக்கும் நடுவே காற்று நிற்கும்படி மாட்டுங்கள். வாயு அந்தக் காற்றைக் கடந்துதான் கரைசலுக்குப் போகிறது. அமிலமும் உப்பும் கடக்க முடியாது. வாயுவைச் சிறு குமிழிகளாகத் தொட்டிக்குள் விடும் டிஃப்யூசருக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். குமிழிகள் உள்ளே ஏறினால் வீணாக மஞ்சளாகும். வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்து நிறம் பாருங்கள்.

நிறம் மாற 2 மணி நேரம்வரை ஆகும். அதனால் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் நிறத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே வாயுவை மூடி ஏர் பம்பைப் போடுங்கள்.

கேள்வி: மருத்துவமனையில் நோயாளிக்குப் பொருத்தும் செயற்கைச் சுவாசக் குழாயோடு மாட்டும், ஊதாவிலிருந்து மஞ்சளாகும் கருவியைத் தொட்டி மூடியின் அடியில் வைக்கலாமா?

பதில்: பயன்படாது. அது மெட்டாகிரெசால் பர்ப்பிள் தோய்த்த தாள். வெளிவிடும் மூச்சில் 2 சதவீதத்துக்கு மேல் வாயு வரும்போது மஞ்சளாகும். பச்சை காட்டும் டிராப் செக்கருக்குள் அடைபட்ட காற்றிலும் ஏறக்குறைய 2 சதவீதம் இருக்கும்தான். ஆனால் மூடிக்கு அடியில் அறைக்காற்று கலந்துகொண்டே இருப்பதால் அந்த அளவு நிற்காது. ஈரம் பட்டால் தாளும் சில மணி நேரத்தில் கெட்டுவிடும்.