பட்டுக்கோழிக்கும் பெருவிடைக்கும் பொருத்தம் உண்டா?

கொல்லைப்புறம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, பெங்களூரு ஹொரமாவில் தனி வீடு. பின்பக்கம் 12 அடிக்கு 10 அடி மண் தரை சும்மா கிடக்கிறது. பிள்ளைகள் கோழி வளர்க்க ஆசைப்படுகிறார்கள். அறுப்பதற்கு அல்ல, செல்லத்துக்கு. மூத்தவளுக்கு, உடம்பும் தலையும் பஞ்சுபோல இருக்குமே, அந்தப் பட்டுக்கோழி (சில்க்கி) ஒரு ஜோடி வேண்டுமாம். சின்னவன் கருங்கோழி என்கிறான். என் கணவருக்கு, அவருடைய தாத்தா ஆத்தூரில் வைத்திருந்ததுபோல ஒரு பெருவிடைச் சேவல். எனக்கு முட்டை வேண்டும் என்பதால் பி.வி. 380 என்ற முட்டைக்கோழி இரண்டு. எல்லாம் ஒரே கூண்டில் ஒற்றுமையாக இருக்குமா?

பதில்: வீட்டில் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுவிட்டீர்கள். கோழிகளைத்தான் யாரும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். கோழிக்கு நான் நான்குதான் பார்ப்பேன்: எடை, சுபாவம், வயது, தலை. தலையை ஏன் சேர்த்தேன் என்று கேட்டால், அது என் பேத்தி என்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்த கதை.

அப்போது ஜீவன்பீமா நகரில் குடியிருந்தோம். என்னிடம் மூன்று கிரிராஜாப் பெட்டைகள். ஹெப்பாலில் வேளாண் பல்கலைக்கழகத்தார் உருவாக்கி 1989-இல் வெளியிட்ட இனம் அது. புறக்கடையில் வளர்ப்பதற்கென்றே வந்தது, நல்ல கனம். சாதுவான கோழிகள் என்று நம்பி, பேத்திக்காகச் சிவாஜி நகரில் வாங்கிய இரண்டு பட்டுக்கோழிகளை அவற்றோடு விட்டேன். மூன்றாம் நாள் காலையில் ஒன்றின் தலையில் அந்தப் பஞ்சு உருண்டையே இல்லை. தோல் சிவந்து, ரத்தம் கசிந்து, ஒரு மூலையில் சுவரைப் பார்த்தபடி நின்றது.

கிரிராஜாவைக் குறை சொல்லிப் பயனில்லை. பட்டுக்கோழிக்குத் தலையிறகு கண்ணின் மேல் விழுகிறது. பக்கவாட்டிலிருந்து வருவது தெரியாது. அதட்டலுக்கு ஒதுங்கவும் தெரியாது. மற்ற கோழிக்கு இது திமிராகப் படுகிறதோ என்னவோ, இன்னொரு கொத்து விழும். ரத்தம் தெரிந்துவிட்டால் கூட்டமே சேர்ந்து கொத்தும். தலையில் பூச்செண்டு வைத்ததுபோல இருக்கும் போலிஷ் இனத்துக்கும் இதே தலைவிதி.

அதோடு மழை. மற்ற கோழிகளின் இறகில் நுண்ணிய கொக்கிகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு தண்ணீரை வழியவிடும். பட்டுக்கோழிக்கு அந்தக் கொக்கிகள் சரியாக அமையாததால்தான் இறகு பட்டுப்போல இருக்கிறது. அதனால்தான் நனைந்தால் தோல்வரை ஊறுகிறது. பெங்களூரின் அக்டோபர் சாயங்கால மழையில் என் பட்டுக்கோழி தரை துடைத்த துணிபோல ஆகி நடுங்கியதைத் துண்டில் சுற்றி, பல்பு வெளிச்சத்தில் உட்காரவைத்துக் காய வைத்திருக்கிறேன்.

இன்னொன்று: "ஜோடி" என்று விற்பவர் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். பட்டுக்கோழியில் சேவலா பெட்டையா என்பது பல சமயம் ஐந்தாறு மாதம் வரை பிடிபடாது. என் ஜோடியில் இரண்டுமே ஒருநாள் கூவின.

இனி உங்கள் கணவர். பெருவிடையும் அசில் இனமும் கம்பீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சண்டைக்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்த ரத்தம் அது. சேவல் மட்டுமல்ல, பெட்டையும் மற்றப் பெட்டையோடு விட்டுக்கொடுக்காமல் மோதும். உங்கள் இடத்தில் தோற்றது ஓடி ஒளிய மூலை கிடையாது. மேலும், கனத்த சேவல் சிறிய பெட்டையை மிதித்தால் அதன் முதுகு இறகு கொட்டும், தோல் கிழியும். சேவல் ஒன்றுக்கு எட்டுப் பத்துப் பெட்டையாவது வேண்டும் என்பது பொதுக் கணக்கு. நான்கு பெட்டைக்கு ஒரு சேவல் என்றால் அந்த நான்கும் படாதபாடு படும். விடியற்காலை நான்கு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்ன பாடுபடுவார் என்பது தனிக் கணக்கு. தாத்தாவின் நினைவுக்கு ஒரு புகைப்படத்தைச் சட்டம் போட்டு மாட்டச் சொல்லுங்கள்.

கருங்கோழி, அதாவது கடக்நாத், மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பக்கத்துப் பறவை. 2018-இல் புவிசார் குறியீடு பெற்றது. பெட்டை ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடத்தான் இருக்கும். ஆனால் சூட்டிகை. அடிக்க வந்தால் அடுத்த நொடி கம்பின் மேல் இருக்கும். மடியில் உட்காரும் என்று மட்டும் சின்னவனிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பி.வி. 380 நேர்மாறு. காலைச் சுற்றிச் சுற்றி வரும், பிள்ளைகள் தூக்கலாம். தீவனத் தட்டில் மட்டும் இடித்துத் தள்ளும். நல்ல பருவத்தில் ஏறக்குறைய தினம் ஒரு முட்டை. ஒன்றரை வயதுக்கு மேல் அது குறைந்துகொண்டே வரும், தீனி குறையாது. செல்லத்துக்கு என்று எழுதியிருக்கிறீர்கள், அன்றும் அதே மனதோடு இருங்கள்.

என் யோசனை: ஐந்து பெட்டைகள். பி.வி. 380 இரண்டு, கருங்கோழி ஒன்று, சிறுவிடை நாட்டுக்கோழி இரண்டு. எல்லாம் ஒன்றிலிருந்து இரண்டு கிலோவுக்குள் அடங்கும், எல்லாவற்றுக்கும் கண் தெரியும். மூத்தவள் பட்டுக்கோழியில் பிடிவாதமாக இருந்தால், எல்லாமே பட்டுக்கோழியாக நான்கு வாங்கிக் கூரை போட்டு வளருங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம்.

படுக்கும் கூண்டில் கோழி ஒன்றுக்கு நான்கு சதுர அடி என்று 20 சதுர அடி ஒதுக்கினால், மேய மீதி 100 கிடைக்கும். தாராளம். தீவனத்தட்டு இரண்டு, தண்ணீர்ப் பாத்திரம் இரண்டு, எதிரெதிர் மூலைகளில் வையுங்கள். பாதிச் சண்டை அதிலேயே தீரும். எல்லாவற்றுக்கும் முட்டைக்கோழித் தீவனம் போடாதீர்கள். அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம்; முட்டையிடாத கோழியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வளர்கோழித் தீவனம் பொதுவாகப் போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் வேண்டியது வேண்டிய அளவு தின்றுகொள்ளும். மேலே வலை கட்டாயம். நம் ஊர்ப் பருந்துகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் மண்ணில் ஓரடி ஆழம் கம்பி வலை புதையுங்கள், பெருச்சாளிக்கு.

ஐந்தையும் ஒரே நாளில், ஒரே வயதில் கொண்டுவருவதுதான் நல்லது. ஹெசரகட்டாவில் மத்திய அரசின் கோழிப் பண்ணையும், ஹெப்பாலில் கால்நடைக் கல்லூரியும் இருக்கின்றன. குஞ்சு எப்போது கிடைக்கும், எந்த இனம் என்று முன்கூட்டிக் கேட்டுப் போங்கள். எங்கே வாங்கினாலும் முதல் வாரத்தில் லசோட்டா சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் ஊசியும் வெள்ளைக்கழிச்சலுக்குப் போட்டாக வேண்டும். மழைக்காலத்தில் கூட்டத்தையே ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு போன நோய் அது, என் அம்மா வீட்டில்.

கேள்வி: இரண்டு வருடமாக மூன்று கோழிகள் இருக்கின்றன. புதிதாக ஒன்று வாங்கி விட்டேன். பழையதில் ஒன்று அதைத் தண்ணீர் குடிக்கவும் விடுவதில்லை. என்ன செய்வது? (மர்பி டவுன் வாசகர்)

பதில்: ஒற்றைக் கோழியை விட்டது முதல் தவறு. இரண்டாக வாங்கியிருந்தால் அடியும் இரண்டாகப் பங்கிடப்பட்டிருக்கும். கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. ஷெல்டெரப்-எபெ என்ற நார்வேக்காரர் சிறுவயதிலிருந்தே வீட்டுக் கோழிகளைப் பார்த்துப் பார்த்துக் குறித்துவைத்து, 1920-களின் தொடக்கத்தில் இதை எழுதினார். நம் பாட்டிகளுக்கும் தெரியும், எழுதத்தான் இல்லை.

புதியதை எடுத்து ஒளித்துவைக்காதீர்கள். திரும்ப விடும்போது மீண்டும் அதுதான் புதுசு. அடிக்கிறவளைப் பிடித்து, மற்றவை கண்ணில் படாத இடத்தில் பஞ்சாரத்தில் நான்கு நாள் கவிழ்த்து வையுங்கள், தீனி தண்ணீரோடு. அதற்குள் மீதி மூன்றும் சமாதானமாகிவிடும். அவள் திரும்பி வரும்போது வரிசையில் கடைசியாகச் சேர வேண்டியிருக்கும். காயத்தில் மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுங்கள். சிவப்பு தெரியாது, கசப்புக்கு மறுபடி கொத்தவும் மாட்டாள்.

அடுத்த முறை புதுக் கோழியை முதலில் மூன்று வாரம் தனியாக வைத்து நோய் இல்லை என்று பாருங்கள். பிறகு ஒரு வாரம் வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அதன்பின் ஒரு ராத்திரி, எல்லாம் அடைந்தபிறகு, சத்தமில்லாமல் கம்பில் தூக்கி வையுங்கள்.

கேள்வி: சேவல் இல்லாமல் பெட்டை முட்டையிடுமா? (பானஸ்வாடியிலிருந்து ஒரு மாணவி)

பதில்: இடும். அதில் குஞ்சு வராது, அவ்வளவுதான். அடைபடுத்த சிறுவிடைக்கு அது தெரியாது. 21 நாளுக்கு மேலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். கருவுற்ற முட்டை எங்காவது கிடைத்தால் வாங்கி அடியில் வையுங்கள், இல்லாவிட்டால் முட்டைகளை எடுத்துவிட்டு, அடியில் காற்றோடும் கம்பிக் கூண்டில் மூன்று நாள் விடுங்கள். கை வைக்கும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.