குளத்தில் ஒரு நீர்மூழ்கி: கடிதமும் பதிலும்

வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளப் நண்பர்களோடு குளத்துக்குப் போய் மாடல் நீர்மூழ்கி விடுவதாகச் சென்ற மாதக் கட்டுரையில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். இரண்டு கேள்விகள். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டுவதற்கு எதற்கு ஒரு கிளப்? வீட்டிலேயே செய்யலாமே? இரண்டாவது கேள்வி கடுமையாகத் தோன்றினால் மன்னிக்கவும். போர்க்கப்பல் ஆட்களைக் கொல்வதற்கென்றே கட்டப்பட்டது. அதைச் சின்னதாகச் செய்து அழகு பார்ப்பது உங்களுக்கு உறுத்தவில்லையா? ஒன்பதாவது படிக்கும் என் மகள் இதில் ஆர்வமாக இருக்கிறாள், அதனால்தான் கேட்கிறேன்.

எஸ்., நாங்குநேரி

அன்புள்ள எஸ்.,

மேசையில் வைத்துப் பார்க்கிற கப்பல் என்றால் வீட்டிலேயே செய்யலாம், உலகம் முழுக்க நிறையப் பேர் அப்படித் தனியாக உட்கார்ந்து அற்புதமாகச் செய்கிறார்கள். தண்ணீருக்கு அடியில் போய்விட்டுத் திரும்பி மேலே வரவேண்டிய ஒன்றைத் தனியாகச் செய்வதுதான் ரொம்பக் கஷ்டம்.

எங்கள் கிளப்பில் பலரிடம் இருப்பது ஜெர்மனியின் 7சி வகை யூ-போட், அதாவது இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் நீர்மூழ்கி. ரெவல் கம்பெனியின் 1/72 கிட். அசல் 67 மீட்டர், மாடல் 93 சென்டிமீட்டர். பெட்டியில் வருவதை அப்படியே ஒட்டினால் அது அலமாரிக்கான பொருள். குளத்தில் விடவேண்டுமென்றால் உள்ளே தண்ணீர் புகாத ஒரு சிலிண்டர் வைத்து, அதற்குள் மோட்டார், பேட்டரி, ரிசீவர், சுக்கானைத் திருப்பும் சர்வோக்கள் எல்லாவற்றையும் அடக்கவேண்டும். வெளி உடம்புக்குள் தண்ணீர் தாராளமாகப் போய்வரும், சிலிண்டர் மட்டும் காய்ந்தே இருக்கவேண்டும். அதோடு சேர்ந்து பிஸ்டன் வைத்த ஒரு தொட்டி. பிஸ்டன் பின்னால் போனால் தண்ணீர் உள்ளே வந்து படகு இறங்கும், முன்னால் வந்தால் தண்ணீர் வெளியேறிப் படகு ஏறும்.

எவ்வளவு தண்ணீர் என்கிறீர்கள்? அசல் படகின் எடை மேலே மிதக்கும்போது 769 டன், மூழ்கும்போது 871 டன், வித்தியாசம் 102 டன். நீளம் 72-ல் ஒரு பங்காகச் சுருங்கினால் எடை 72-ஐ மூன்று முறை பெருக்கிய தொகையில், அதாவது 3,73,248-ல் ஒரு பங்காகச் சுருங்கும். கணக்குப் போட்டால் 270 கிராம் சொச்சம். ஒரு பெரிய டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். அந்த டம்ளர் தண்ணீருக்குள் எல்லாம் சரியாக வந்து விழவேண்டும். அதற்காக உள்ளே இங்கே கொஞ்சம் ஈயம், அங்கே கொஞ்சம் ஃபோம் என்று வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்போம். தொட்டி நிறைந்ததும் பெரிஸ்கோப் நுனி மட்டும் வெளியே தெரியவேண்டும், காலியானதும் பெயின்டில் போட்ட நீர்க்கோடு வரை எழும்ப வேண்டும், இரண்டு நிலையிலும் மூக்கு கவிழக்கூடாது. ஒரு துண்டு ஃபோமை அரை அங்குலம் நகர்த்தினால் எல்லாம் மாறிவிடும். இதை எழுதிப் படிக்க வைப்பது சிரமம். பத்துப் படகு விட்டவர் பக்கத்தில் நின்று, தண்ணீருக்குள் கையை விட்டு, 'இதைப் பின்னால் தள்ளு' என்று சொல்லும்போதுதான் பிடிபடும்.

அப்புறம் ரேடியோ. இதை நாங்குநேரிக்காரரிடம் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. இப்போது கடையில் கிடைக்கும் ரிமோட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்பவை. விமானத்துக்கும் காருக்கும் அருமையானவை, ஆனால் தண்ணீருக்குள் ஓரடி போவதற்குள் அந்த அலை செத்துவிடும். அதனால் நாங்கள் இன்னும் பழைய 40 மெகாஹெர்ட்ஸ் செட்டுகளைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். நல்ல தண்ணீரில் சில மீட்டர் ஆழம் வரை அது போகும். உப்புத் தண்ணீரில் அதுவும் எடுபடாது, மாடல் நீர்மூழ்கியைக் கடலில் விடாததற்குக் காரணமே இதுதான். அலைவரிசை குறையக் குறைய நீருக்குள் ஆழமாகப் போகும். அசல் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப மிகக் குறைந்த அலைவரிசை தேவைப்படுவதும், அதற்காகவே உங்கள் விஜயநாராயணத்தில் 1990 முதல் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் இயங்குவதும் இந்த ஒரே விதியால்தான். மகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

இந்தப் பழைய செட்டில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே சேனலில் இரண்டு பேர் ஸ்விட்ச் போட்டால் இரண்டு படகும் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் தடுமாறும். மேலே ஓடும் படகென்றால் கரையில் முட்டும், கீழே போன படகென்றால் கீழேயே இருந்துவிடலாம். அதனால் குளக்கரையில் ஒரு பலகை வைத்திருப்போம், சேனல் எண் எழுதிய கிளிப் அதில் தொங்கும். அந்தக் கிளிப் கையில் இல்லாமல் ரிமோட்டைத் தொடக்கூடாது. சிக்னல் போனால் தானாகவே தொட்டியைக் காலி செய்து மேலே வரும் ஏற்பாடு ஒவ்வொரு படகிலும் இருக்கவேண்டும், அதை வேறொரு உறுப்பினர் சோதித்த பிறகே படகு தண்ணீரைப் பார்க்கும். சிலிண்டரில் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை எடுத்து விரலால் தடவிப் பார்ப்பதும் இன்னொருவர்தான், செய்தவர் கண்ணுக்குத் தன் படகின் விரிசல் சுலபத்தில் தெரியாது. கிளப் எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிதாக வருகிறவர்கள் பெரிய மோட்டார் போட்டு விரட்டுவார்கள், பார்க்க ஸ்பீட்போட் மாதிரி இருக்கும். வில்லியம் ஃப்ரூட் என்ற பொறியாளர் 1870-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் டார்க்கேயில் ஒரு நீளமான தொட்டி கட்டி, மாதிரிக் கப்பல்களை அதில் இழுத்துப் பார்த்து, அசலைப் போலவே அலை எழும்ப மாடல் எந்த வேகத்தில் போகவேண்டும் என்பதற்குக் கணக்கு கொடுத்துவிட்டார். அளவு விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுக்கவேண்டும். யூ-போட் மேலே 17.7 நாட் (கப்பல் வேகத்தின் அளவு) ஓடும், 1/72 மாடலுக்கு அது 2 நாட் சொச்சம், நாம் சாதாரணமாக நடக்கிற வேகம். அந்த வேகத்தில் விட்டுப் பாருங்கள், முகப்பில் பிரியும் அலை பழைய புகைப்படங்களில் இருப்பது போலவே இருக்கும்.

சரி, இரண்டாவது கேள்வி. உறுத்துகிறது. அதைப் போக்கிக்கொள்ள நான் முயலவும் இல்லை.

எங்கள் கிளப்பில் யாராவது புதுக் கப்பல் தொடங்கினால் மூத்தவர்கள் முதலில் கேட்பது, 'எந்த நாள்?' என்பதுதான். அந்தக் கப்பல் எந்த நாளில் இருந்த தோற்றத்தைச் செய்யப்போகிறாய் என்று அர்த்தம். முதல் உலகப் போரின் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனை எடுத்துக்கொள்ளுங்கள். போருக்கு முன் கிழக்கே நின்றபோது அதன் உடம்பு வெள்ளை. 1914 அக்டோபர் 28 அன்று பினாங்கில் நுழைந்தபோது பிரிட்டிஷ் கப்பல் என்று நினைக்கவைக்க நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி கட்டியிருந்தது, அன்றைக்கு ரஷ்யாவின் ஜெம்சுக் கப்பல் மூழ்கியது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் அதை அடித்து நொறுக்கியது, எம்டனில் 130-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் பர்மா ஆயில் தொட்டிகள் எரிந்ததும் இதே கப்பலால்தான். நாளைத் தேர்ந்தெடுக்காமல் ஒரு புகைபோக்கியைக்கூட ஒட்டமுடியாது. நாளைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அன்று யார் செத்தார்கள் என்பதும் கூடவே வந்துவிடுகிறது.

யூ-போட்டும் அப்படித்தான். அதில் போன சுமார் 40,000 பேரில் ஏறத்தாழ 28,000 பேர் திரும்பவில்லை. அவர்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறைகளில் கரி அள்ளியவர்களில் நம் நாட்டு மாலுமிகள் ஏராளம், இரண்டாம் உலகப் போரில் இந்திய மாலுமிகள் 6,000-க்கும் மேல் இறந்தார்கள். கண்காட்சியில் என் யூ-போட்டுக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டையில் இறந்தவர்களின் இந்த இரண்டு எண்களையும் எழுதுகிறேன். அதைப் படித்துவிட்டு நின்று கேள்வி கேட்கிறவர்களோடு பேசுவதற்காகவே கண்காட்சிக்குப் போகிறேன் என்றும் சொல்லலாம். இந்த அட்டை இல்லாமல், பீரங்கியின் அழகை மட்டும் காட்டுகிற மாடல்கள் உண்டு, அவற்றின் முன்னால் எனக்கு நிற்கப் பிடிப்பதில்லை. அந்த இடத்தில் உங்கள் சந்தேகம் முழுக்க நியாயம்.

மகளுக்கு வருவோம். நேராக நீர்மூழ்கிக்குப் போகவேண்டாம். ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துக் கம்பெனிகள் நான்கு சேர்ந்து 1971-ல் தொடங்கிய வாட்டர்லைன் வரிசையில் 1/700 கிட் ஒன்று வாங்கிக் கொடுங்கள். நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் பகுதி மட்டும் இருக்கும், யமாட்டோ மாதிரி 263 மீட்டர் கப்பலே 38 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும், படிக்கிற மேசையின் ஓரம் போதும். பள்ளியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவு இருந்தால் சேர்த்துவிடுங்கள், அவர்களுடைய அகில இந்திய நௌ சைனிக் முகாமில் கப்பல் மாடல் செய்வதும் ஒரு போட்டி. நம் ஊரில் இதற்கென்று தனி கிளப் தேடி அலைவதைவிட அது பக்கத்து வழி.

விசாகப்பட்டினம் போக வாய்த்தால் கடற்கரையில் 2002 முதல் அருங்காட்சியகமாக நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கிக்குள் அவளைக் கூட்டிப்போங்கள். எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் எந்த இடுக்கில் படுத்தார்கள் என்பதை அவளே பார்க்கட்டும். அசல் 91 மீட்டர், 1/72-ல் 127 சென்டிமீட்டர் வரும். பார்த்துவிட்டு வந்தும் நீர்மூழ்கிதான் வேண்டும் என்றால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், சிலிண்டர் செய்வது எப்படி என்று படம் போட்டு அனுப்புகிறேன்.